சீலியாக் நோய் ‘கோதுமை ஒவ்வாமை’ ஆகுமா?

சீலியாக் என்னும் சிறுகுடல் நோய் உண்டா என்று பார்க்க எடுக்கும் ‘டி.டி.ஜி. ஐஜிஏ’ இரத்தப் பரிசோதனையில் அளவு கூடுதலாக வந்துவிட்டால், அதைத் தமிழில் விளக்க முற்படுவோர் பெரும்பாலும் ‘கோதுமை ஒவ்வாமை’ என்று எழுதிவிடுகிறார்கள். நலவாழ்வுப் பத்திகளிலும் பரிசோதனை முடிவோடு வரும் குறிப்புகளிலும் உறவினர் பேச்சிலும் இதே தொடரைக் கேட்டுச் சலித்த பிறகே இதை எழுதுகிறேன். தொடர் எளிமையானது, தூய தமிழும்கூட. ஆனால் சொல்ல வந்த நோயை விட்டுவிட்டு வேறொரு நோயைச் சுட்டுகிறது.

‘சீலியாக்’ என்பது வயிற்றைக் குறிக்கும் ‘கோய்லியா’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. பண்டைய கிரேக்க மருத்துவர் அரிட்டேயஸ் பயன்படுத்திய பெயரை 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே நிறுவியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். (கோய்லியாவை நம் ‘குழி’யோடு முடிச்சுப் போடக் காத்திருப்பவர்கள், ஒலி ஒத்திருப்பது மட்டும் வேர் ஆகாது என்பதை நினைவில் கொள்ளட்டும்.)

‘ஒவ்வாமை’ நல்ல சொல். ஒவ்வுதல் என்றால் பொருந்துதல். அதன் எதிர்மறை ஒவ்வாமை. 1906இல் வியன்னாவில் கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கே உண்டாக்கிய ‘அலர்ஜி’க்கு ஈடாக அது நிலைத்துவிட்டதில் எனக்கு மறுப்பில்லை. கோதுமைக்கு உண்மையான ஒவ்வாமை உடையவர்களும் உண்டு. உண்ட சிறிது நேரத்திலேயே தடிப்பும் வீக்கமும் மூச்சுத்திணறலும் அவர்களுக்கு வரலாம். அதில் பெரும்பாலும் தொழிற்படுவது ‘ஐஜிஇ’ வகை எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). சீலியாக் நோயிலோ, கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள பசையம் (குளூட்டன்) என்னும் புரதம் உள்ளே போனதும், உடலின் காப்பு அமைப்பு தன் சிறுகுடலையே தாக்கி, உணவின் சத்தை உறிஞ்சும் அதன் குடலுறிஞ்சிகளை மெல்ல மெல்லத் தேய்த்துவிடுகிறது. சோகை, எடைக்குறைவு, பிள்ளைகளிடம் வளர்ச்சிக்குறைவு என்று அது ஆண்டுக்கணக்கில் மறைந்தே நடக்கலாம். மேலும், டி.டி.ஜி. என்பது நம் உடலிலேயே உள்ள ஒரு நொதி. பரிசோதனை அளப்பது அந்த நொதிக்கு எதிராக நம் உடலே செய்துகொண்ட ‘ஐஜிஏ’ வகை எதிர்ப்பொருளை. கோதுமைக்கு எதிரான எதையும் அளக்காத ஒரு பரிசோதனையின் முடிவுக்குக் கோதுமை ஒவ்வாமை என்று தலைப்பிடுவது என்ன மொழிபெயர்ப்பு?

இதைச் சொல்லாராய்ச்சிப் பிணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வாமை என்ற சொல் கொங்கு நாட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் ‘சேராது’, ‘ஆகாது’ என்று மாறிவிடுகிறது. கத்தரிக்காய் சேராதவருக்கு ஒரு துண்டு தின்றால் சற்றே அரிக்கும், அவ்வளவுதான்; ஆகவே ‘ஒரு வாய் தின்னா என்னாயிரும் கண்ணு’ என்று அம்மிச்சி (அம்மாவின் அம்மா) மைதாவில் செய்த ஒப்பிட்டை (போளியை) நீட்டுவது இயல்பு. சீலியாக் நோயில் அந்த ஒரு வாயும் கணக்கில் வரும். வேறு சிலர் அரிப்பு மாத்திரையும் தோல் பரிசோதனையும் தேடிப் போகிறார்கள். இரண்டும் இங்கே பயன்படா. இன்னும் சிலர் அறிக்கையைப் பார்த்த அன்றே சப்பாத்தியையும் பரோட்டாவையும் நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வாமைக்கு அது சரியான செயல். இங்கோ, கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருளின் அளவு இறங்கி, குடலும் ஆறத் தொடங்கி, அடுத்து எடுக்கும் குடல் திசுப் பரிசோதனை எதையும் காட்டாமல் போகக்கூடும். உறுதியாகும்வரை வழக்கம்போல் உண்ண வேண்டும் என்பதே மருத்துவர் சொல்வது.

பரிசோதனை முடிவில் ‘பாசிட்டிவ்’ என்பதற்கு எழுதும் ‘நேர்மறை’ என்ற சொல்லையும் விடுவதற்கில்லை. நேர்மறைச் சிந்தனையை நாள்தோறும் போதிக்கும் ஊரில், முடிவு நேர்மறை என்றால் நல்லது என்றுதான் காதில் விழும். ‘எதிர்ப்பு சக்தி அதிகம்’ என்று எழுதினாலோ இனிப்பே வாங்கிவிடுவார்கள். ‘எதிர்ப்பொருள் வரம்புக்கு மேல் உள்ளது’ என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. அந்த வரம்பும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து அஞ்சாமல், பக்கத்தில் அச்சிட்ட வரம்பைப் போல் எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். சிறிதளவு உயர்வு வேறு காரணத்தாலும் வரலாம். பிள்ளைகளுக்கு அளவு பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வேறொரு நாள் எடுத்த இரத்தத்தில் ‘ஈ.எம்.ஏ.’ என்னும் மற்றோர் எதிர்ப்பொருளும் தென்பட்டால், திசு எடுக்காமலே முடிவு செய்யலாம் என ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. பெரியவர்களுக்குப் பொதுவாக உள்நோக்கி (எண்டோஸ்கோப்) வழியே முன்சிறுகுடல் திசுவை எடுத்துப் பார்க்கிறார்கள். உடலில் மொத்த ஐஜிஏ இயல்பிலேயே குறைந்தவருக்கு நோய் இருந்தும் முடிவு ‘இல்லை’ என்று வரக்கூடும் என்பதால் அதையும் சேர்த்து அளப்பது நல்லது. இந்நோயோடு தொடர்புடைய டி.க்யூ.2, டி.க்யூ.8 மரபணுக்கள் இரண்டுமே இல்லாவிட்டால் நோயை ஏறத்தாழ விலக்கிவிடலாம். இருப்பதால் மட்டும் நோய் உண்டென்று ஆகிவிடாது.

அப்படியானால் தமிழில் எப்படிச் சொல்வது? வேர்ச்சொல்லைப் பெயர்த்து ‘வயிற்று நோய்’ என்றால் அது எதையும் குறிக்காது. ‘சீலியாக் நோய்’ என்று பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, விளக்கமாகப் ‘பசையத் தன்னெதிர்ப்பு நோய்’ என்று சேர்ப்பதே என் தேர்வு. சற்று நீளம்தான், ஆனால் எது தூண்டுகிறது, எது தாக்குகிறது என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறது. தூய்மைக்காகத் தெளிவை விடுவதைவிட, ஒரு கிரேக்கச் சொல்லைச் சுமப்பது மேல்.

‘பசையம்’ பற்றியும் ஒன்று. ‘குளூட்டன்’ என்ற இலத்தீன் சொல்லுக்கே பசை என்றுதான் பொருள். ஆகவே ஆக்கம் சரியானது. ஆனால் அதைப் ‘பசை’ என்று சுருக்கிவிட்டால், ராகிக்களியும் ஜவ்வரிசியும் குழைந்த பச்சரிசிச் சோறும் ஒட்டுகின்றன என்பதாலேயே விலக்கப்பட்டுவிடும். அவற்றில் இயல்பாகப் பசையம் இல்லை. கம்பிலும் சோளத்திலும் இல்லை. அரிசியில் பிழிந்த சந்தகையிலும் இல்லை. ரவையிலும் கோதுமைச் சேமியாவிலும் உண்டு. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம் என்பதால், அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தாளிக்கும் முன் டப்பாவின் பின்புறத்தைப் படித்துவிட வேண்டும்.