பயனியர்: காலாளா, முன்னோடியா, புதுக்குடியா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைப் பற்றிய வரலாற்றுப் புதினங்களைத் தமிழில் அறிமுகம் செய்வோர் ‘பயனியர்’ என்ற சொல்லை எதிர்கொள்ளாமல் தப்ப முடியாது. அதை ‘முன்னோடி’ என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுவதே வழக்கம். அகராதிப்படி அதில் குற்றமில்லை. ஆனால் ‘முன்னோடிப் பெண்’ என்று படித்ததும் தமிழ் வாசகரின் மனத்தில் எழுவது மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் உருவம். மண்சுவர் வீட்டுக்குள், ஒழுகும் இடங்களில் பாத்திரத்தை வைத்துவிட்டு ஈரப் புல்லோடு அடுப்பங்கரையில் போராடும் நெப்ராஸ்கா உழவரின் மனைவி அந்தச் சொல்லுக்குள் வருவதேயில்லை. சொல் சரியாக இருந்தும் பொருள் தவறுவதன் காரணத்தை அறிய, அச்சொல் பிறந்த இடத்துக்கே போக வேண்டியிருக்கிறது.

இலத்தீனில் ‘பெஸ்’ என்றால் பாதம். அதிலிருந்து இடைக்கால இலத்தீனில் ‘பெதோ’ என்ற சொல் உருவானது. குதிரையில்லாமல் நடந்து போரிடும் வீரன் என்பது அதன் பொருள். கால், ஆள் என்ற இரண்டையும் சேர்த்து நாம் ‘காலாள்’ என்கிறோமே, ஏறத்தாழ அதே அமைப்பு. இச்சொல் பிரெஞ்சில் ‘பியோனியே’ ஆகி, பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, படைக்கு முன்னே மண்வெட்டியும் கடப்பாரையும் கோடரியுமாகச் சென்று மரம் வெட்டி, பள்ளம் நிரப்பி, பதுங்குகுழி தோண்டிக் கொடுக்கும் கூலிவீரனைக் குறித்தது. சதுரங்கத்தில் நாம் சிப்பாய் என்று நகர்த்தும் காய்க்கு ஆங்கிலத்தில் உள்ள ‘பான்’ என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அலுவலகங்களில் கோப்பு சுமந்த ‘பியூன்’ போர்த்துக்கீசிய வழியாக வந்த இன்னொரு உடன்பிறப்பு. மேட்டுக்குடிச் சாயல் எதுவும் இல்லாத குடும்பம் இது.

இந்தப் பழைய பொருள் சென்னைக்கும் அன்னியமானதன்று. 1780-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் ‘பயனியர்’ என்ற பெயரில் இரண்டு கம்பெனி (சிறு படைப்பிரிவு) வீரர்களைத் திரட்டியது; இன்று பெங்களூரில் தலைமையிடம் கொண்டுள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு தன் பிறப்பை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. பாலம் கட்டுவதும் வழி வெட்டுவதும் அவர்களது தொழில். ஆக, பயனியர் என்பவர் முன்னால் ஓடுபவர் என்பதைவிட முன்னால் போய்த் தோண்டுபவர் என்பதே சொல்லின் அடிப்பொருள். முதலில் செய்தவர், வழிகாட்டி என்ற உயர்ந்த பொருளெல்லாம் பின்னர் ஏறியவை.

‘முன்னோடி’ அப்படிப்பட்டதன்று. முன் ஓடுபவர் என்று பிரித்தால் விளங்கிவிடும் சொல் அது. முன்னோடியான் என்ற பெயரில் காவல் தெய்வம் உண்டு; முன்னோடி வங்கி, முன்னோடி விவசாயி என்று அரசு அறிக்கைகளிலும் அது புழங்குகிறது. எல்லா இடத்திலும் அதன் சாரம் முந்துதல்; பிறர் பின்பற்றத் தக்கவர் என்ற பாராட்டும் உடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படைத்தொழிலிலிருந்தே இணைச்சொல் வேண்டும் என்று தேடினால், முன்னணிப் படையைக் குறிக்கும் தூசி, கொடிப்படை ஆகிய பழஞ்சொற்கள் கிடைக்கும். அவையும் முந்திச் சென்று பொருதுபவர்களையே குறிப்பவை. மண்வெட்டி அவற்றில் இல்லை. மண்வெட்டியின் ஓசையைக் கேட்க வேண்டுமானால் பட்டினப்பாலையில் கரிகாலனைப் புகழும் ‘காடு கொன்று நாடாக்கிக் குளந்தொட்டு வளம்பெருக்கி’ என்ற அடிகளுக்குத்தான் போக வேண்டும். அதிலும் காட்டை வெட்டிய கைகளின் பெயர் இல்லை. மன்னன் பெயர்தான் நிற்கிறது.

அமெரிக்காவில் இச்சொல் குடியேறிய உழவர்களுக்கு உரியதான பிறகு அதற்கு ஒரு முழக்கத்தொனி சேர்ந்தது. வால்ட் விட்மன் 1865-இல் வெளியிட்ட கவிதையில் அச்சொல்லைப் படைநடைப் பாட்டின் பல்லவிபோலத் திரும்பத் திரும்ப அழைத்தார். அவரிடமிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டு வில்லா கேதர் 1913-இல் எழுதிய ‘ஓ பயனியர்ஸ்!’ புதினத்திலோ, நெப்ராஸ்கா நிலத்தைக் கைவிடாமல் காப்பவள் ஒரு சுவீடியக் குடும்பத்தின் மகள். ஆயுதமேந்தி நடந்த ஆண்களுக்கான விளி, கணக்குப் பார்த்து நிலம் வாங்கும் ஒரு பெண்ணுக்கு இடம் மாறியதை நான் அச்சொல்லின் வரலாற்றிலேயே ஒரு திருப்பமாகக் கருதுகிறேன். மொழிபெயர்ப்பில் ‘முன்னோடிகளே’ என்று போட்டால் அந்தத் திருப்பம் தெரியாது.

இதனுடன் இரட்டையாக வரும் ‘ஃபிரான்டியர்’ நமக்கு அவ்வளவு தொல்லை தருவதில்லை. நெற்றியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, படையின் முகப்பையும் பின்னர் நாட்டின் எல்லையையும் குறித்தது அது. அப்துல் கபார் கானை எல்லை காந்தி என்றும், அவர் பிறந்த பகுதியை வடமேற்கு எல்லைப்புற மாகாணம் என்றும் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதி வந்துள்ளன. இவற்றுள் ‘எல்லை’ என்பது கல் நட்டுக் காட்டத்தக்க கோடு. ‘எல்லைப்புறம்’ என்பது கோட்டை ஒட்டிய நிலம். அமெரிக்கப் பொருளுக்குப் பின்னதே ஏற்றது, ஏனெனில் அங்கு எல்லை ஆண்டுதோறும் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. சதுர மைலுக்கு இரண்டு பேருக்குக் குறைவாக வாழும் நிலத்தின் விளிம்பை அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘ஃபிரான்டியர்’ என்று குறித்தது. அவ்வாறு தொடர்ச்சியான ஒரு கோட்டை இனி வரைய இயலாது என்று 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அறிவித்தது. அந்தக் கணக்கில் பழங்குடியினர் சேரவில்லை என்பதை மறந்துவிட்டால் ‘ஆளில்லாத நிலம்’ என்று தமிழிலும் கூசாமல் எழுதிவிடுவோம்.

அதனால்தான் ‘பயனியர்’ என்பதற்கு ‘முதற்குடி’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. பானி, ஓமாஹா, லக்கோட்டா மக்கள் வாழ்ந்த நிலத்தில் பிந்தி வந்தவர்களை முதற்குடி என்பது பிழை மட்டுமன்று, நிலம் இழந்தவர்களின் பெயரையும் சேர்த்துப் பறிப்பது. ‘வந்தேறி’ என்பது சொற்பொருளில் துல்லியமானதுதான். ஆனால் இன்றைய தமிழ் அரசியலில் அது வசைச்சொல். ‘குடியேறிகள்’ நடுநிலையாக நிற்கிறது என்று தமிழகத்தார் நினைக்கலாம். அரசின் குடியேற்றத் திட்டங்களால் தம் பகுதியின் மக்கள்தொகை மாறக் கண்ட இலங்கைத் தமிழரின் காதில் அச்சொல் வேறு விதமாக விழும். அந்தக் கனம் இங்கே வேண்டியதே என்று வாதிடவும் இடமுண்டு.

என் பரிந்துரை ‘புதுக்குடி’ என்பதாகும். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஊர்ப்பெயராகவும் ஊர்ப்பெயரின் உறுப்பாகவும் வழங்கும் சொல் இது. புதிதாக வந்து குடியமைத்தவர் என்ற செய்தியை மட்டும் சொல்கிறது. முந்தியவர் என்று பெருமை பேசுவதுமில்லை, முன்னரே யாரும் இல்லை என்று பொய் சொல்வதுமில்லை. புதுக்குடித்தனம் என்ற வழக்கின் நிழலும் அதில் விழுகிறது. திருமணமான கையோடு, பிறந்த வீட்டுக்கு ஆயிரம் மைல் அப்பால், அண்டைவீடு கண்ணுக்கு எட்டாத புல்வெளியில் குடித்தனம் தொடங்கிய இளம்பெண்ணின் கதையைச் சொல்லும் புதினத்துக்கு ‘புதுக்குடிப் பெண்’ என்பதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குக் கிட்டவில்லை. அறிவியலிலும் கலையிலும் முன்னோடிகள் முன்னோடிகளாகவே இருக்கட்டும்.

இப்புதினங்களில் அடிக்கடி வரும் ‘ஹோம்ஸ்டெட்’ என்பதற்கும் கையருகே சொல் இருக்கிறது. லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட சட்டம், குடும்பத் தலைவராகவோ 21 வயது நிறைந்தவராகவோ இருப்பவர் 160 ஏக்கர் அரசு நிலத்தைக் கோரலாம் என்றது. அதில் ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டவருக்கு உரிமைப் பத்திரம் கிடைக்கும். உழுது உரிமை பெறும் நிலத்துக்கு நாம் காணி என்போம். அளவாகப் பார்த்தால் 160 ஏக்கர் ஏறக்குறைய 121 காணி. பாரதி கேட்டது ஒரே ஒரு காணி! உரிமைப் பத்திரத்தைத் தயங்காமல் பட்டா என்று எழுதலாம். ‘நிலக்காப்புறுதிச் சான்றாவணம்’ போன்ற ஆக்கங்களைக் கதைமாந்தர் வாயில் திணிப்பது கொடுமை. ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் மட்டும் கவனம் தேவை. மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் அச்சட்டப்படி தம் பெயரில் காணி கோர முடிந்தது. கணவனோடு வாழும் பெண்ணுக்குப் பொதுவாக அவ்வுரிமை இல்லை. நம் வழக்கிலோ ‘குடும்பத் தலைவி’ என்றால் பெரும்பாலும் இல்லத்தரசியே. ஒரே சொல் இரண்டு இடத்தில் நேரெதிரான பெண்களைக் குறிப்பதால், அடைமொழி ஒன்று சேர்க்காமல் விட்டால் வாசகர் தவறாகப் புரிந்துகொள்வார்.

மரமில்லாத புல்வெளியில் வேர் பின்னிய புல்தரையைப் பாளம் பாளமாக அறுத்துச் சுவர் எழுப்பினார்கள். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு வடியும். பாம்பும் விழுவதுண்டு என்பதால் பெண்கள் உட்கூரையில் மெல்லிய துணியை விரித்துக் கட்டினார்கள். விறகுக்கு மாற்றாகக் காட்டெருமையின் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி எரித்தார்கள். இதை மொழிபெயர்ப்பவர் ‘எருமைச் சில்லுகள்’ என்று எழுதினால், தினமும் வறட்டி தட்டிய பாட்டியின் பேத்திக்கே அது என்னவென்று விளங்காது. தட்டிக் காயவைத்ததன்று என்பதால் ‘காய்ந்த சாணம்’ என்றோ, கொங்கு வழக்கில் ‘எருமுட்டை’ போல என்று விளக்கியோ எழுதலாம். சாலமன் புட்சர் என்ற ஒளிப்படக்காரர் 1886 முதல் நெப்ராஸ்காவில் எடுத்த படங்களுள் ஒன்றில், ஒரு குடும்பம் தன் ஆர்கன் வாத்தியத்தை முற்றத்துக்குத் தூக்கி வந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. மண்வீட்டில் வாழ்வது ஊரிலுள்ள உறவினருக்குத் தெரியக் கூடாது; ஆர்கன் இருப்பது தெரிய வேண்டும்.

இப்பெண்களின் இயல்பைச் சொல்ல ஆங்கில மூலத்தில் வரும் ‘என்டியூரன்ஸ்’ என்ற சொல், கடினம் என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து வந்தது; இறுகிப்போதல் என்பது அதன் உட்கிடை. அதைப் ‘பொறுமை’ என்று பெயர்த்தால் வாய்மூடி இருப்பவள் என்ற தோற்றம் வந்துவிடுகிறது. பழைய வடிவமான ‘பொறை’ மேலானது, ஏனெனில் சுமை என்பதும் அதன் பொருள். வழியோரத்தில் இரண்டு கல்லின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி, கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டிய சமூகத்துக்கு, சுமையும் பெண்ணும் ஒரே சொல்லில் சந்திப்பதை விளக்க வேண்டியதில்லை. குறளில் பொறையுடைமையின் முதல் உவமை, தன்னை அகழ்வாரைத் தாங்கும் நிலம். அகழ்வார்தான் பயனியர், அவர்கள் உழுது புரட்டிய அந்தப் புல்வெளி 1930-களில் வறட்சி வந்தபோது புழுதிப் புயலாக எழுந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால் உவமை சற்றே கலங்குகிறது.

ஆனால் 1874-இல் வெட்டுக்கிளிக் கூட்டம் பயிரைத் தின்று தீர்த்த பின் மிஞ்சியதைக் கொண்டு குளிர்காலத்தைக் கடந்ததையும், 1888 ஜனவரி 12 அன்று பள்ளி நேரத்தில் திடீரென இறங்கிய பனிப்புயலில் பிள்ளைகளைக் காத்ததையும் ‘பொறை’ என்றால் சற்று உயரத்தில் நிற்கும். அங்கே ‘தாக்குப்பிடித்தாள்’ என்ற பேச்சு வழக்கே பொருந்துகிறது. தனியாக வந்து காணி கோரி, ஐந்து குளிர்காலம் கழித்துப் பட்டாவில் தன் பெயரைப் பார்த்த மணமாகாத பெண்ணிடம் இருந்ததற்கோ வைராக்கியம் என்று பெயர்.