‘பேட்டரியை அப்புறம் மாட்டிக்கலாம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மே மாத உச்சி வெயிலில் போன் செய்தார். "தம்பி, மாடியில வெயில் கொளுத்துது, மூணு கிலோவாட் சோலார் பேனல் இருக்கு. கரண்ட் போனா ஒரு ஃபேன் கூட ஓடலையே?" இந்தக் கோடையில் இதே கேள்வியோடு எனக்கு வந்த ஐந்தாவது போன் அது.

போய்ப் பார்த்தேன். பேனல் கரண்டை ஈபி லைனோடு சேர்க்கும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். குனிந்து அடியில் பார்த்தால் பேனல் வயர் வரும் இடமும் ஈபி பக்கம் போகும் வயரும்தான் இருந்தன. பேட்டரி மாட்ட முனையே இல்லை. "அப்புறம் மாட்டிக்கலாம்னு சொல்லித்தானே வித்தாங்க" என்றார். ஓய்வூதியப் பணம். எனக்கு மனசே ஆறவில்லை.

தயவுசெய்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பேனல் இருக்கிறது என்பதால் மட்டும் மின்தடையின்போது வீட்டில் கரண்ட் இருந்துவிடாது. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் ஈபி லைனைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். லைன் போனால் தானும் நின்றுவிடும். அது பழுதல்ல. நிற்காமல் ஓடினால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. ஈபிக்குக் கொடுப்பதையும் அங்கிருந்து வாங்குவதையும் கணக்கிடும் நெட் மீட்டர் வைத்தாலும் நிற்கும், பேனலை இரண்டு மடங்காக்கினாலும் நிற்கும்.

அவருக்கு இப்போது இரண்டே வழி: இன்வெர்ட்டரையே மாற்றுவது, அல்லது ஈபி பக்கம் போகும் வயரில் பேட்டரிக்கென்று இன்னொரு இன்வெர்ட்டரைச் சேர்ப்பது. இரண்டுமே தண்டச் செலவு. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வருகிறதே என்று, இருப்பதில் மலிவான கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள். முதலிலேயே பேட்டரியும் மாட்டக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள். அந்தப் பெயர் மட்டும் போதாது. 48 வோல்ட் பேட்டரி ஏற்குமா, ஹை வோல்டேஜ்தான் ஏற்குமா, எந்தெந்த பேட்டரியோடு ஒத்துப்போகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் பழைய 12 வோல்ட் டியூபுலர் பேட்டரி இதற்கு உதவாது.

அடுத்தது வயரிங். கரண்ட் போனபோது ஓட வேண்டியவற்றைத் தனி டிபி பெட்டிக்கு (எம்சிபி சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) பிரித்துவிடுங்கள். மூன்று ஃபேன், நாலைந்து லைட், ஃபிரிட்ஜ் என்று 300 வாட்டுக்குள் இருந்தால், 5 யூனிட் மின்சாரம் சேமிக்கும் ஒரு லித்தியம் பேட்டரி இரவைத் தாண்டிவிடும். ஒன்றரை டன் ஏசியைச் சேர்த்தால் மூன்று மணி நேரம் தாங்குவதே பெரிது. போர் மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும்; அதை அந்தப் பெட்டியில் சேர்க்கவே வேண்டாம்.

40 டிகிரியைத் தாண்டும் நம்மூர் வெயிலில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் பேட்டரி வைத்தால் சீக்கிரமே ஆயுள் குறையும். கீழே, நிழலும் காற்றும் உள்ள ஒரு சுவரை இன்றே ஒதுக்கிவிடுங்கள். படுக்கையறை வேண்டாம்.

காட்பாடி, பாகாயம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள், பூச்சு வேலைக்கு முன்பே அந்தச் சுவரிலிருந்து டிபி வரை வயர் போக ஒரு காலிக் குழாயைப் புதைத்து வைக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்த பிறகு கூப்பிட்டால் நான் சுவரை உடைக்க வேண்டிவரும்.