4.8 நட்சத்திரமும் அதிகாலை நாலரை மணியும்

போன மாதம் கொக்குவிலில் இருந்து ஒரு அண்ணை வந்தார். ஒடியல்மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி எல்லாம் இணையக் கடை வழியாகக் கனடாவுக்கு அனுப்புகிறவர். டொரொண்டோவில் வேலை முடிந்து சனம் இரவு ஏழு மணிக்கு ஓடர் போட்டால், கோடை காலத்தில் எங்களுக்கு அதிகாலை நாலரை. ஒருநாள் அந்த நேரத்தில் ஏழு பேரின் அட்டையில் காசு கழிந்திருக்கிறது, கடைக்கு ஒரு ஓடரும் வரவில்லை. காசு எடுத்ததும் வாங்கியவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பு, அது போன பிறகு ஓடரைப் பதி என்று கடையின் நிரலில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். காசு கட்டி எடுத்த எஸ்எம்எஸ் சேவை படுத்துவிட்டது. அவ்வளவுதான். இந்த வருடம் இதே கதையோடு வந்த நான்காவது ஆள் இவர்.

“தம்பி, 4.8 நட்சத்திரம் எண்டு பாத்துத்தானே அந்தச் சேவையை எடுத்தனாங்கள்?”

இந்த நட்சத்திரக் கதையைக் கேட்டாலே எனக்குத் தலையிடி. ஆயிரம் பேர் முந்தி ஐந்து போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். சேவை கெட்டுப்போய், கடைசியாக வந்த ஐம்பது பேரும் ஒன்று போடுகிறார்கள். சராசரி என்ன? 4.8! பழைய நல்ல பெயர் புதிய கேட்டை மூடிவிடும். போட்டவர் யார், சேர்ந்த முதல் கிழமையே போட்டாரா, உங்களைப்போல் அதிகாலையில் வெளிநாட்டு எண்ணுக்கு அனுப்புகிறவரா? ஒன்றும் தெரியாது.

சரி, எல்லாமே நல்ல சேவைதான் என்போம். ஒவ்வொன்றும் 99.9% நேரம் வேலை செய்யும். தனியாக ஒன்று வருடத்துக்கு எட்டே முக்கால் மணித்தியாலம் படுக்கும். இப்படி ஐந்து சேவைகளைச் சங்கிலியாகக் கோர்த்து, ஒன்று நின்றாலும் எல்லாம் நிற்கும்படி எழுதினால் கிட்டத்தட்ட 44 மணித்தியாலம். இதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

பெயர் இருக்க ஆள் மாறுவதும் உண்டு. பழைய உலாவிகளிலும் தளங்கள் வேலை செய்ய நிரல் கொடுத்த பொலிஃபில் ஐஓ (polyfill.io) என்ற சேவை 2024 பெப்ரவரியில் கை மாறியது. ஜூனில் பார்த்தால், அது கொடுத்த நிரலிலேயே கைப்பேசியில் வருவோரை வேறு தளங்களுக்குத் திருப்பும் துண்டு கலந்திருந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை நம்பி இருந்தன. பெயர் போன கடையை வேறு ஆள் வாங்கிப் பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவைத்த மாதிரி.

ஆகவே ஒரு நட்சத்திரம் போட்டவர்களை முதலில் வாசியுங்கள், அதுவும் இந்த மூன்று மாதத்துக்குள் எழுதியவர்களை. காசு கட்ட முன்னர் ஞாயிறு இரவு உதவிப் பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள். ஓடரை முதலில் உங்கள் சொந்தத் தரவுத்தளத்தில் பதியுங்கள். எஸ்எம்எஸ் ஆறுதலாகப் போகட்டும், போகாவிட்டால் பத்து நிமிடத்தில் திரும்ப முயலட்டும். எந்தச் சேவை எத்தனை மணிக்கு எவ்வளவு சுணங்கியது என்று நீங்களே குறித்துவையுங்கள், தயவுசெய்து. இரண்டாவது சேவை ஒன்றும் வைத்திருங்கள். ஆனால் விசாரித்துவிட்டு: என்னிடம் வந்த ஒருவர் எடுத்த இரண்டு கொம்பனியும் பின்னால் ஒரே இடத்தில்தான் எஸ்எம்எஸ் மொத்தமாக வாங்கின.

அண்ணை ஏழு பேருக்கும் காசைத் திருப்பி, தனித்தனியாக அழைத்து மன்னிப்பும் கேட்டார். ஆறு பேர் பரவாயில்லை என்றுவிட்டார்கள். ஏழாவது ஆள் அண்ணையின் கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார்.