பாசனம் இல்லை, சரிவோட்டம்

புளியரையில் போன மாதம் ஒரு பயிற்சிக் கூட்டம். வீட்டுக் கழிவுநீரைப் புல் வளர்ந்த சரிவில் ஓடவிட்டுச் சுத்தப்படுத்தும் முறை பற்றி ஒரு கையேடு கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் ‘கழிவுநீர்த் தரைப்பாசனம்’. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் எழுந்து, “அப்போ கத்தரி போடலாமா அண்ணாச்சி?” என்று கேட்டார். அவர் மேல் குற்றமே இல்லை. பாசனம் என்று காதில் விழுந்தால் விவசாயி பயிரைத்தான் நினைப்பார்.

இதே சொல்லை வேறு இடங்களிலும் பார்த்துவிட்டேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘ஓவர்லேண்ட் ஃப்ளோ’. தரைமேல் ஓட்டம், அவ்வளவுதான். மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலாக ஓடுவதற்கும் நீரியலில் இதே பெயர்தான். மூலத்தில் பாசனம் என்ற பேச்சே கிடையாது.

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் அந்தச் சொல் இன்னும் தப்பாகத் தெரியும். நீர் எளிதில் இறங்காத களிமண் நிலம் வேண்டும். நூறடிக்கு இரண்டு முதல் எட்டு அடி வரை சரிவு. திடப்பொருளை வடிகட்டிய கழிவுநீரை மேல் விளிம்பில் விட்டால், பாய் விரித்த மாதிரி மெல்லிசாக இறங்கும். அடியில் ஒரு வாய்க்கால் அதை வாங்கிக்கொள்ளும். புல்லின் தண்டிலும் உதிர்ந்த சருகிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. மழை விட்டதும் குளக்கரைச் சரிவில் குனிந்து பாருங்கள்: மேலே உள்ள அருகம்புல்லின் தாளெல்லாம் சேறு அப்பியிருக்கும், கீழே வந்து சேரும் நீர் கொஞ்சம் தெளிந்திருக்கும். அதே சங்கதிதான்.

பாசனத்தில் நிலம் நீரைக் குடிக்க வேண்டும். இங்கே குடிக்கக் கூடாது. நேர் எதிரான இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எப்படி?

மெல்போர்ன் பக்கம் வெரிபீ பண்ணைக்கு 1897இல் நகரக் கழிவுநீர் வந்தது. அங்கே கோடையில் மண்ணுக்குள் இறக்கினார்கள், குளிர்காலத்தில் மண் வாங்காதபோது புல்லின் மேல் ஓடவிட்டார்கள். முன்னது நில வடிப்பு, பின்னது புல் வடிப்பு என்று தனித்தனிப் பெயரும் வைத்திருந்தார்கள். எங்கள் ஆச்சி அங்கணாக்குழித் தண்ணீரை, அதாவது பாத்திரம் கழுவிய நீரை, வாழைத்தூருக்குத் திருப்பிவிடுவாள். அதைப் பாசனம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். (அங்கணம் ஏதோ எங்கள் பக்கத்துக் கொச்சை என்று நினைப்பவர்கள் 720ஆம் குறளைப் பார்க்கட்டும்.)

‘ஓடைச் சுத்திகரிப்பு’ என்றும் ஒருவர் எழுதினார். செங்கோட்டையில் ஓடை என்றால் குளிக்கிற நீர். கேரளத்து ஆரியங்காவு தாண்டிவிட்டால் மலையாளத்தில் ‘ஓட’ என்பது சாக்கடை. இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து படிக்கும் கையேட்டில் அந்தச் சொல் ஆகவே ஆகாது.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். “அப்போ சரிவுல ஓடவிடுறதுன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றார். சரிவோட்டம்! முழுதாகச் சொன்னால் சரிவோட்டச் சுத்திகரிப்பு. ‘சுத்தி’ வடசொல்லாயிற்றே, ‘தூய்மிப்பு’ போடலாமே என்பார்கள் நண்பர்கள். தனித்தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் சுத்திகரிப்பு ஊரெல்லாம் புரிகிற சொல். முதலில் புரியட்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் நிலமும் நீரும் சேர்ந்து வந்தாலே அகராதியில் பாசனத்தைத் தேடி எடுத்துவிடுகிறார்கள். அந்த வயலில் போய் ஒரு நாள் நிற்பதில்லை. சொல் மட்டும் சரியில்லை என்றால் விடலாம். இங்கே சொல்லை நம்பி ஒருவர் அந்த நீரில் கீரை போட்டு, அதைப் பச்சையாகக் கிள்ளிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால்? கையேட்டின் அடுத்த பதிப்பில் மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். என் பிரதியில் பதினோரு இடத்தில் பேனாவால் அடித்துத் திருத்தியாயிற்று.