கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் தரையைப் பாருங்கள்

போன வருடம் வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி என் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர்கள் இரண்டு, வெபர் 40 டிசிஓஇ மாடல், பாதி பிரித்தபடி கிடந்தன. அவருடைய கணுக்கால் இரண்டிலும் தீக்காயம் ஆறி, புதுத்தோல் சிவந்திருந்தது.

பழைய மாருதி எஸ்டீம் கார் ஒன்றை வாங்கி, ரேஸ் காரிலிருந்து கழற்றிய வெபர் ஜோடியைத் தேடிப் பிடித்து மாட்டியிருந்தார். ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடுவது) நிற்கவில்லை, மிதித்தால் திணறல். வீட்டிலேயே கழுவிப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார். மூன்றாவது மாடி ஃபிளாட்டில் சமையலறையை ஒட்டிய சின்ன பால்கனி, ஒரு பேசினில் இரண்டு லிட்டர் பெட்ரோல், ஒரு பழைய டூத்பிரஷ். அதே பால்கனியில்தான் வாஷிங் மெஷினும் இருந்தது. அங்கே யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை, அடுப்பும் எரியவில்லை. அவருடைய அம்மா வந்து மெஷினைப் போட்டார். "தரையோட நீலமா ஒண்ணு ஓடிச்சுண்ணா, அவ்வளவுதான் தெரியும்" என்றார் தம்பி. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பெரிய ஆறுதல்.

கார்புரேட்டர் வேலையில் 25 வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். வீட்டில் செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நானே வீட்டுத் திண்ணையில்தான் முதல் சோலெக்ஸ் கார்புரேட்டரைப் பிரித்தேன். ஆனால் பெட்ரோலை மட்டும் யாரும் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. பற்றுவது அந்தத் திரவமல்ல, அதிலிருந்து எழும் ஆவி. மைனஸ் 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே பற்றும் அளவுக்கு அது ஆவியாகிவிடும். சென்னையின் மே மாத வெயிலில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே போதும், பொறி பட்டால் பற்றும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே எழும்பிப் போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு பரவும். பால்கனிக் கைப்பிடிச் சுவர் அதைத் தொட்டி போலத் தேக்கிவைக்கும். வாஷிங் மெஷின் மோட்டார், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், தரையில் ஏற்றிவைத்த பூஜை விளக்கு எல்லாமே அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

அடுக்குமாடியின் கீழ்த்தளப் பார்க்கிங்கும் எனக்கு ஒப்பாது. தண்ணீர் மோட்டாரும் மீட்டர் பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன. மொட்டை மாடி நல்லது. காலை வேளை, நிழல், காற்று, பக்கத்தில் டிரை பவுடர் தீயணைப்பான், ஒரு வாளி மணல். எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் அது மிதந்துகொண்டே பரவும்.

இன்னொன்று, கழுவுவதற்குப் பெட்ரோலே தேவையில்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் பவுலில் மிச்சமிருப்பதை மூடியுள்ள உலோக டப்பாவில் வடித்துவிட்டு, வெளி அழுக்கை டிஷ்வாஷ் சோப்பும் வெந்நீருமாகத் தேய்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் அதிலும் தண்ணீரும் மிதமான டிடர்ஜென்ட்டும்தான். பெட்ரோலோ தின்னரோ ஊற்றினால் உங்கள் மேஜையிலேயே வெடிகுண்டு வைத்த மாதிரி. கழுவியதும் உடனே காற்றடித்து உலர்த்துங்கள். நம் ஊர் ஈரத்தில் ஒரு ராத்திரி விட்டால் உள்வழிகளில் வெள்ளை பூத்துவிடும்.

கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயைக் கடைசியில், சின்ன துவாரங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கண்ணாடி போடாமல் தொடாதீர்கள். ஒரு துவாரத்தில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துவாரத்தின் வழியே நேராக முகத்துக்கு வரும். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று எழுதியிருந்தால் வாங்கவே வேண்டாம். மூச்சில் போய் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும் பொருள் அது.

சரி, ஜெட்டுக்கு வருவோம். பெட்ரோலை அளந்து விடும் சின்ன துவாரமுள்ள பித்தளைத் துண்டுதான் ஜெட். எங்கள் தொழிலில் இருப்பவர்களே தலைமுறை தலைமுறையாகச் செய்யும் தவறு இது. ஜெட் அடைத்திருந்தால் ஸ்டவ் பின்னை விட்டுக் குத்துவது, இல்லாவிட்டால் கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழையை உருவி ஆட்டுவது. ஜெட்டின் மேல் 120 என்று அடித்திருந்தால் துவாரம் 1.20 மில்லிமீட்டர் என்று அர்த்தம். பித்தளை மென்மையானது, எஃகுக் கம்பி அதைச் சுரண்டும். 1.20 என்பது 1.25 ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துவாரத்தின் பரப்பு 8 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். மேலே என்னவோ 120 என்றுதான் இருக்கும்! இரட்டை வெபரில் காற்று போகும் ஒவ்வொரு தொண்டையும் ஒரு சிலிண்டருக்கு. ஒரே ஒரு ஜெட் கெட்டால் ஒரு சிலிண்டர் மட்டும் கருப்பாக எரியும், மற்ற மூன்றும் சரியாக இருக்கும். இக்னிஷனில்தான் கோளாறு என்று நினைத்து நான்கு நாள் அலைவீர்கள். அந்தத் தம்பியின் ஜோடியில் இரண்டு மெயின் ஜெட்டுகள் அப்படித்தான் இருந்தன. அவர் செய்ததல்ல, முன்பு யாரோ குத்தியது. ஜெட்டை ஊறவைத்துக் காற்றடியுங்கள். வழி விடவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

காற்றடிக்கும்போதும் நிதானம் வேண்டும். டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு உள்ளே இருக்கும்போது கம்ப்ரசர் காற்றை விட்டால் கிழிந்துவிடும். ஆக்சிலரேட்டர் பம்ப் வழியில் சின்ன குண்டு ஒன்று இருக்கும், தெறித்தால் திரும்பக் கிடைக்காது. வெள்ளைத் துணி விரித்த டிரேயில்தான் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு போட்டோ எடுங்கள். ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அடியில் தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். அழுத்தினால் கூர்முனையில் வளையம் விழுந்துவிடும், அப்புறம் ஐடிலிங் சரியாக வராது.

தொண்டையைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தகட்டை அவசியமில்லாமல் கழற்றாதீர்கள். அந்தச் சின்ன ஸ்க்ரூக்களின் பின்பக்கத்தைக் கம்பெனியிலேயே நசுக்கிவிட்டிருப்பார்கள். கழற்றி மாட்டியது ஓட்டத்தில் தளர்ந்தால் நேராக என்ஜினுக்குள் போகும்.

பவுலில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான பிளோட்டுக்கு மட்டம் வைப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை, பலர் அவசரப்படுவதும் இங்கேதான். பித்தளை பிளோட்டை முதலில் வெந்நீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை. 40 டிசிஓஇ பலவற்றில் பித்தளை பிளோட்டுக்கு மட்டம் 8.5 மில்லிமீட்டர். கேஸ்கெட்டோடு, மூடியைச் செங்குத்தாகப் பிடித்து அளக்க வேண்டும். படுக்க வைத்து அளந்தால் பிளோட்டின் எடை, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடிலின் ஸ்பிரிங்கை அமுக்கி அளவைப் பொய்யாக்கும். பிளாஸ்டிக் பிளோட்டுக்கு வேறு அளவு, உங்கள் மாடலின் ஷீட்டைப் பாருங்கள். வெபருக்கு 3 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். இன்ஜெக்ஷன் காரின் பம்பை நேராகக் கொடுத்தால் நீடில் தாங்காது, பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். அம்பாசடரின் பழைய பெட்ரோல் என்ஜின் போன்றவற்றில் கார்புரேட்டரும் சூடான எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே பக்கம். வழிவது எங்கே விழும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். அதனால் ரிப்பேர் கிட் வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள், பெட்ரோல் ஹோஸையும் கூடவே மாற்றிவிடுங்கள். ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே பழைய பெட்ரோலுக்கு டியூன் செய்த கார்புரேட்டர் இப்போது கொஞ்சம் லீனாக, அதாவது தேவையைவிட எரிபொருள் குறைவாக ஓடும். திணறலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அழுக்கு என்று நினைத்து மூன்று முறை பிரித்துக் கழுவியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு படி பெரிய ஜெட்.

மாட்டி முடித்ததும், ஸ்டார்ட் செய்யும் முன் ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். விட்டதும் பட்டர்ஃபிளை பட்டென்று மூடுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ரிட்டர்ன் ஸ்பிரிங் இரண்டு இருப்பது நல்லது. பெட்ரோலை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் கசிவு பாருங்கள். பாட்டிலில் பெட்ரோல் எடுத்துத் தொண்டையில் ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பேக்ஃபயர் அடித்தால் தீ அதே தொண்டை வழியாகத்தான் வெளியே வரும், கையில் திறந்த பாட்டில் இருக்கும். ஏர் ஃபில்டரை மாட்டியே ஸ்டார்ட் செய்யுங்கள், அது தீயைத் தடுக்கவும் செய்யும். வண்டி திறந்த இடத்தில் நிற்கட்டும். மூடிய ஷெட்டில் ஐடிலிங் விட்டு டியூன் செய்தால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு தலைவலியோடு நிற்காது.

தப்பித் தவறித் தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

தம்பியின் வெபர்களை என் பட்டறை வாசலில் அவர் கையாலேயே மாட்ட வைத்தேன். கெட்ட இரண்டு ஜெட்டுக்கும் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் மாற்று கிடைத்தது. பாதியில் மாட்டிக்கொண்டால் நீங்களும் டிரேயோடு அப்படியே தெரிந்த மெக்கானிக்கிடம் எடுத்துப் போங்கள், குண்டையும் ஸ்பிரிங்கையும் தனித்தனிக் கவரில் போட்டு.