ஆகா அடுப்பு வாங்கப் போகிறீர்களா? முதலில் புகைபோக்கியைப் பாருங்கள்

இங்கிலாந்தில் கொஞ்சம் பழைய வீடாக வாங்கும் நம்மவர்கள் கேட்பது இது: "அடுப்படியில் ஒரு 'ஆகா' (AGA) வைக்கலாமா?" பார்க்க அழகான அடுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கேஸ் இன்ஜினியராக நான் திருப்பிக் கேட்பது, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதைத்தான்.

காரணம், பழைய வகை ஆகா அணைவதே இல்லை. விபத்தில் பார்வையிழந்த நோபல் விஞ்ஞானி, சுவீடனின் குஸ்தாவ் தாலேன் 1922-இல் உருவாக்கிய அமைப்பு அது. சின்ன பர்னர் ஒன்று இரவும் பகலும் எரியும்; பல நூறு கிலோ வார்ப்பிரும்பு அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒருமுறை ஆறிவிட்டால், மறுபடி சூடேற ஓர் இரவாவது வேண்டும்.

இரண்டு ஓவன் உள்ள கேஸ் ஆகா வாரத்துக்குச் சுமார் 425 யூனிட் (கிலோவாட்-மணி) இழுக்கும், ஆண்டுக்கு 22,000 யூனிட். பிரிட்டனில் ஒரு நடுத்தர வீட்டின் ஹீட்டிங், வெந்நீர் எல்லாவற்றுக்கும் சேர்த்தே எரிசக்தித் துறையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் 2023-இல் போட்ட கணக்கு 11,500 யூனிட்தான். யூனிட் 6 பென்ஸ் என்று வைத்தாலும் வாரம் 25 பவுண்டு. குளிர்காலத்தில் அந்தச் சூடு வீட்டுக்கு உதவும், சரி. ஜூலையில்? ஜன்னலைத் திறந்து வெளியே விட வேண்டியதுதான்.

நம் சமையலுக்கு ஒத்துவருமா என்றால், பாதி வரும். சாம்பார், பருப்பு, இறைச்சிக் குழம்பு எல்லாம் மேலே ஒரு கொதி வந்ததும் கீழே மிதமான ஓவனுக்குள் தள்ளிவிட்டால் அருமையாக வேகும். தோசையை அடுப்பின் மேலிருக்கும் சூடான இரும்புத் தட்டின் மேலேயே ஊற்றலாம். உருண்டை அடி இருப்புச்சட்டி உதவாது; தட்டோடு ஒட்டி உட்காரும் தடித்த பாத்திரம்தான் சூட்டை வாங்கும். பத்துப் பேருக்குப் பூரி சுட்டால், தட்டின் மூடி திறந்தே கிடப்பதில் தேக்கிய சூடு இறங்கிவிடும். ஓவன் வாசனை புகைபோக்கி வழியே போய்விடுவதால் உள்ளே கருகினாலும் மூக்குக்குத் தெரியாது. டைமர் வைக்காமல் இருக்காதீர்கள்.

இனி, நான் உண்மையில் பயப்படும் விஷயம். பழைய சிம்னியில் இணைத்த கேஸ் ஆகா எரியத் தேவையான காற்றை அடுப்படியிலிருந்தே எடுக்கும். எரிந்த வாயு தானாக மேலேறிப் போகும். நாம் என்ன செய்கிறோம்? தாளிப்பு வாசனைக்குப் பயந்து, இருப்பதிலேயே பெரிய எக்ஸ்ட்ராக்டர் ஃபேனை அதே அறையில் மாட்டுகிறோம். சோதிக்கும்போது கதவு ஜன்னலைச் சாத்தி, புகைக்குச்சியைக் கொளுத்தி, புகைபோக்கியின் காற்று நுழையும் வாயருகே பிடிப்பேன். ஃபேன் ஓடாதபோது புகை உள்ளே இழுபடும். ஃபேனை முழு வேகத்தில் போட்டதும் அதே புகை வளைந்து முகத்துக்கு நேரே திரும்பி வந்த வீடுகள் உண்டு. குச்சியின் புகையாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதே வழியில் வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சமைக்கும்போது தலைவலி வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆகவே ஃபேனைக் குறைக்க வேண்டும், அல்லது காற்றுத் துளை போட்டு மறுபடி சோதிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். வேலைக்கு வருபவரின் கேஸ் சேஃப் அட்டையை, அதாவது கேஸ் வேலைக்கான பதிவு அட்டையை, திருப்பிப் பாருங்கள். எந்த வேலைக்குத் தகுதி என்று பின்புறம் இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். பிரித்து, ஏற்றி, மறுபடி கட்ட ஆகும் கூலியைக் கேட்ட பிறகு சொல்லுங்கள். மரத்தளம் அந்த எடையைத் தாங்குமா என்பது இன்னொரு கேள்வி. மிகப் பழையவற்றில், தூசு மூச்சில் போனால் ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நீங்களே உடைத்துப் பார்க்க வேண்டாம்.

இருவரும் வேலைக்குப் போகும் வீடென்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால், தட்டையும் ஓவனையும் தனித்தனியே அணைக்கக்கூடிய புது மின்சார மாடல் இருக்கிறது. விலை அதிகம். ஆனால் அதில் எரிவது எதுவும் இல்லை, உங்கள் ஃபேனையும் கழற்ற வேண்டாம்.