மெஷின் சொல்லாததை அரைஞாண் கயிறு சொல்லும்

சில மாதங்களுக்கு முன் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு முதுகுவலிக்காக ஒருவர் வந்தார். வயது 47. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. நான் கேட்பதற்கு முன்பே, "வெயிட்டெல்லாம் பிரச்சினையே இல்ல மேடம். கல்யாணத்தப்ப 62, இன்னைக்கும் அதே 62" என்றார். குரலில் அவ்வளவு பெருமை.

உயரம் 168 செ.மீ. கணக்குப் போட்டால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் எண், 22. அட்டவணைப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. முதுகைப் பார்க்கச் சட்டையைத் தூக்கினால், அரைஞாண் கயிறு தொப்பைக்கு அடியில் சதைக்குள் புதைந்து, கறுத்த தடம் விழுந்திருக்கிறது. கையும் காலும் குச்சி. "இந்தக் கயிறை எப்ப மாத்துனீங்க?" என்றேன். "வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துவேன் மேடம். இப்பல்லாம் கொஞ்சம் நீளமாவே கேட்டு வாங்கிடறது."

இஞ்சி டேப்பைச் சுற்றினேன். 96 செ.மீ.

கல்யாணத்தன்று இருந்த 62 கிலோ வேறு, இன்றைய 62 கிலோ வேறு. உடம்புக்கு வேலை கொடுக்காமல் இருந்தால், முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும். இவருக்குத் தொடையிலும் தோளிலும் கரைந்துபோன தசையின் எடைக்குச் சரியாக வயிற்றில் கொழுப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. வரவும் செலவும் சரிக்குச் சரி. மெஷின் முள் அசையவில்லை. இருபது வருஷமாக அவர் நிம்மதியாக இருந்ததற்கு அதுதான் காரணம். சுகர் பார்த்ததே இல்லையாம். பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். எல்லையைத் தாண்டியிருந்தது.

நம் ஊர் உடம்புவாகு இது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்! பாடம் எடுக்கப் போகும் இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

பி.எம்.ஐ. கணக்கைப் போட்டவர் பெல்ஜியத்தின் கெத்லே, 1830-களில். அவர் மருத்துவர் இல்லை. மக்கள் கூட்டத்தின் சராசரியைத் தேடிய கணித அறிஞர். அதற்கு இப்போதைய பெயர் வந்ததே 1972-ல்தான். ஊர்க் கணக்குக்கு உதவும் ஒன்றை ஒவ்வொரு ஆளின் நெற்றியிலும் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். அதனால்தான் 2009-ல் நம் நாட்டு நிபுணர்கள் கூடி, இந்தியர்களுக்குப் பி.எம்.ஐ. எல்லையை 23-க்கு இறக்கினார்கள்; இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே கவனிக்க வேண்டும் என்றார்கள். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கெடுப்பில், பி.எம்.ஐ. கணக்குப்படி உடல்பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். நடுவில் விடுபட்டவர்களில் நம் 62 கிலோக்காரரைப் போன்றவர்கள் எத்தனை பேரோ.

தொடையில், பின்புறத்தில் சேரும் கொழுப்பு அவ்வளவு பொல்லாதது இல்லை. குடலையும் ஈரலையும் சுற்றிச் சேருவதுதான் வம்பு. அதிலிருந்து கசியும் கொழுப்பு நேராக ஈரலுக்குப் போகிறது. ஈரல் இன்சுலின் பேச்சைக் கேட்பதை மெல்ல நிறுத்துகிறது.

அளப்பது சுலபம், சரியாக அளப்பதுதான் கஷ்டம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், துணிமேல் இல்லாமல் தோல்மேல், இறுக்காமல் டேப்பைச் சுற்ற வேண்டும். "என் பேன்ட் சைஸ் 32தான்" என்பவர்களை நம்பாதீர்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும். டேப்பைக் கையில் எடுத்ததுமே எல்லாரும் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பேன். "ரெண்டு இட்லி மேடம்..." என்று தொடங்கும்போதே மூச்சு வெளியே போய், வயிறு அதன் இடத்துக்குத் திரும்பிவிடும். அந்த நொடியில் படிக்க வேண்டும். 90, 80 எல்லாம் ஞாபகம் இல்லையென்றால் உயரத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் சொன்னதும் அதுதான். 168 செ.மீ. உயரக்காரருக்கு 84. நம்மவர் 12 செ.மீ. கூட.

இதற்கு நேர்மாறான கதை ஒரு அக்காவுடையது. முழங்கால் வலி. 155 செ.மீ. உயரம், 71 கிலோ. பத்து வாரம் ஒழுங்காக வந்தார். வீட்டிலும் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு காலை நீட்டி மடக்கினார், ராத்திரிச் சோற்றைக் குறைத்துச் சுண்டல், முட்டை என்று மாற்றினார். பதினோராவது வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "ஒரே ஒரு கிலோதான் கொறஞ்சிருக்கு. எதிர் வீட்டுக்காரி ஏதோ பவுடர் குடிச்சு ஒரு வாரத்துல மூணு கிலோ கொறச்சுட்டா."

அட்டையை எடுத்துக் காட்டினேன். இடுப்பு 98-லிருந்து 94. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எழுந்தது முதலில் 9 தடவை, இப்போது 15. எதிர் வீட்டுக்காரி கதையையும் சொன்னேன். சோற்றை நிறுத்தினால் முதலில் காலியாவது தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச்சத்து. அது ஒரு கிராம் இருந்தால் கூடவே மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது போனதும் தண்ணீரும் போகும், மெஷின் இறங்கும். ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரு வாரத்தில் மூன்று கிலோ கொழுப்பைக் கரைக்கப் பட்டினி கிடந்தாலும் முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் வெறும் 100 கிராம் கூடியதால் இறுதிப் போட்டியில் ஆடும் வாய்ப்பையே இழந்தாரே, முந்தைய நாள் எடை பார்த்தபோது தேறியவர்தான். ராத்திரியில் கூடி இறங்கியதெல்லாம் சாப்பாடும் தண்ணீரும்.

நானும் இந்த மெஷின் பைத்தியம் பிடித்தவள்தான். தொழிலை ஆரம்பித்த புதிதில் கிளினிக் வாசலிலேயே எடை மெஷின். வருகிறவர் ஏற, உதவிக்கு இருந்த பெண் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, நான் உள்ளேயிருந்து எழுதிக்கொள்வேன். ஒரு கல்லூரி மாணவி வரும் நாளில் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவாளாம், எண் குறைவாக வர வேண்டும் என்று. ஒருநாள் பயிற்சியின் நடுவில் கண் இருட்டி விழுந்தாள். அவளுக்கு வலி தோள்பட்டையில். எடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, நான் ஏற்றியிருக்கவே கூடாது. அன்று கதவுக்குப் பின்னால் போன மெஷின் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வேண்டாம் என்று தூக்கிப் போடவில்லை. இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள். முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தால், "நல்லா இளைச்சுட்டீங்களே" என்று பாராட்டாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். முழங்காலுக்கும் எடைக் கணக்கு உண்டு: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டின்மேல் விழும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது. அக்காவிடம் இதையும் மறைக்கவில்லை. ஆனால் குறைகிற கிலோ தொடைத் தசையாக இருந்தால் மூட்டுக்கு லாபம் ஒன்றுமில்லை. அதைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான்.

அதனால் வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் கிலோவைக் கேட்பதில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்க முடிகிறதா? பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிடுகிறீர்களா? இது விளையாட்டுக் கேள்வி இல்லை. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், கைப்பிடி வலு 5 கிலோ குறையக் குறைய, இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியது தெரிந்தது. அறுபதை ஒட்டியவர் என்றால் நாற்காலிச் சோதனை: 30 விநாடியில் ஆண் 14, பெண் 12 தடவைக்குக் கீழே எழுந்தால் கால் வலு போதாது. எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று. பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொரு கையையும் ஊன்றாமல் எழ முடிகிறதா? மண்டபங்களில் மேஜை வந்த பிறகு பலர் இதில் தோற்பது அவர்களுக்கே தெரிவதில்லை.

அக்காவுக்குச் சமாதானம் ஆனதா தெரியாது. ஆனால் அடுத்த வாரம் வந்தபோது, பழைய பிளவுஸ் ஒன்றைப் பிரிக்காமலே போட முடிந்ததாகச் சொன்னார்.

62 கிலோக்காரருக்கு முதுகுப் பயிற்சியோடு உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், வாரத்தில் ஐந்து நாள் அரை மணி வேக நடை. சுகருக்கு டாக்டர் தனியாகப் பார்த்தார். மூன்று மாதம் கழித்து வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"மேடம், வெயிட் அரைக் கிலோ ஏறிடுச்சு. 62.5. இருபது வருஷத்துல ஏறினதே இல்ல."

"கயிறு எப்படி இருக்கு?"

சட்டைக்குள் கையை விட்டுத் துழாவினார். கட்டைவிரலைக் கயிற்றுக்குள் நுழைத்தார். அப்புறம் ஆள்காட்டி விரலையும் நுழைத்துப் பார்த்தார்.